ஃப்ளிஷ்: நாணல் ஒரு கரை, நச்சு ஒரு கரை

ஸ்பெயினுக்குச் சுற்றுலா போகிறவர்கள் எப்ரோ ஆற்றைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான் பார்க்கிறார்கள். ஒன்று சரகோசா, அங்கே பிலார் பேராலயத்தைப் படம் எடுக்கும்போது ஆறு பின்னணியில் விழும். இன்னொன்று கடலோரத்து டெல்டா. நெல் வயலும் பூநாரையும் இருக்கும் இடம். இரண்டுக்கும் நடுவே, கட்டலோனியாவின் தென்மேற்கு மூலையில், ஆறு ஒரு குன்றைச் சுற்றிக் குதிரை லாடம் போல வளைகிறது. அந்த வளைவுக்குள் மூவாயிரத்துச் சொச்சம் பேர் வாழும் ஊர்தான் ஃப்ளிஷ். தர்ரகோனா மாகாணம், ரிபேரா தெப்ரே வட்டாரம். ஊருக்குச் சற்று மேலே எதிர்க்கரையில் செபெஸ் நாணல் காடு. ஊரைச் சுற்றி ஆற்றோரமாக வில்லோ, பாப்லர், சவுக்குச் சாயலுள்ள டாமரிஸ்க் மரங்கள். இரண்டும் சேர்ந்து 'செபெஸ், ஃப்ளிஷ் வளைவு இயற்கைக் காப்பகம்' என்ற பெயரில் பாதுகாக்கப்படுகின்றன.

இயற்கைக் காப்பகம் சூழ்ந்த ஆற்றங்கரைச் சிற்றூர் என்று ஃப்ளிஷைச் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் செபெஸின் பறவை மறைவிடத்தில் உட்கார்ந்து தொலைநோக்கியைச் சற்றுத் தூக்கினால், நாணலுக்குப் பின்னால் தெரிவது ஒரு ரசாயனத் தொழிற்சாலை. ஐரோப்பாவின் ஆறுகளில் சேர்ந்த மிக மோசமான நச்சுச் சேற்றில் ஒன்று அதன் வாசலில்தான் கிடந்தது. 'இவ்வளவு பெரிய அசிங்கத்துக்கு நடுவே இயற்கை எப்படியோ பிழைத்துக்கொண்டதே' என்று வருகிறவர்கள் நெகிழ்வது வழக்கம். அந்த நெகிழ்ச்சியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. நாணல் காட்டையும் நச்சுச் சேற்றையும் உண்டாக்கியது ஒரே காரணம்: ஓடிக்கொண்டிருந்த ஆற்றை நிறுத்திவைத்தது. அதைப் புரிந்துகொண்டால் ஃப்ளிஷில் பார்ப்பதெல்லாம் கதையாகக் கோத்துக்கொள்ளும்.

தொழிற்சாலை முதலில் வந்தது. 1897-ல் ஜெர்மானிய முதலீட்டில் ஃப்ளிஷ் மின்வேதியியல் நிறுவனம் தொடங்கப்பட்டது. இந்த மலைநாட்டு மூலையைத் தேர்ந்தெடுக்க நல்ல காரணங்கள் இருந்தன. பார்சிலோனாவையும் சரகோசாவையும் இணைக்கும் ரயில் பாதை அந்தப் பத்தாண்டில்தான் எப்ரோ கரை வழியாக வந்திருந்தது. தண்ணீர் வேண்டிய மட்டும் உண்டு. சற்று மேலே மெக்கினென்ஸா பக்கம் பழுப்பு நிலக்கரிச் சுரங்கங்கள் உண்டு. அதுவரை ஆற்றை நம்பிப் பிழைத்தவர்கள் படகுக்காரர்கள். யாவுத் எனப்படும் தட்டையடிப் படகுகளில் எண்ணெயும் நிலக்கரியும் ஏற்றி நீரோட்டத்தோடு கீழே போவார்கள். திரும்பும்போது கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டி இழுத்துவருவார்கள். ரயில் அந்தப் பிழைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. அணைகள் மிச்சத்தை முடித்துவைத்தன.

தொழிற்சாலை செய்த முக்கியமான வேலை உப்பை உடைப்பது. உப்புக் கரைசலில் மின்சாரம் செலுத்தினால் ஒரு முனையில் குளோரின் வாயு கிளம்பும், மறுமுனையில் சோடியம் சேரும். பாதரச முறையில் தொட்டியின் அடித்தளத்தில் பாதரசம் மெல்லிய படலமாக ஓடிக்கொண்டே இருக்கும். அது சோடியத்தைத் தன்னில் கரைத்துக்கொண்டு இன்னொரு கலத்துக்குப் போகும். அங்கே தண்ணீர் பட்டதும் சோடியம் காஸ்டிக் சோடாவாக மாறும். வெறும் பாதரசம் மறுபடி முதல் தொட்டிக்குத் திரும்பும். தாளில் போட்ட கணக்குப்படி பாதரசம் ஒரு சொட்டும் குறையக் கூடாது. நடைமுறையில் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் ஆவியாகப் போகும், கொஞ்சம் கழிவுநீரோடு போகும். இப்படி வருடக்கணக்காகப் போனது ஆற்றில்தான் சேர்ந்தது.

குளோரின் கையில் இருந்தால் அதிலிருந்து செய்யக்கூடியவை ஏராளம். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஃப்ளிஷில் டிடிடி பூச்சிக்கொல்லி தயாரானது. மின்மாற்றிகளுக்கான பிசிபி எண்ணெய்கள் தயாராயின. குளோரின் கலந்த கரைப்பான்கள் தயாராயின. அவற்றின் வேண்டாத துணைவிளைவாக ஹெக்ஸாகுளோரோபென்சீன் என்ற பொருள் கிளம்பியது. 1970களில் கால்நடைத் தீவனத்துக்காக டைகால்சியம் பாஸ்பேட் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு மூலப்பொருளான பாஸ்பேட் பாறையில் இயற்கையாகவே யுரேனியம் சிறிதளவு உண்டு. பாறையை அமிலத்தில் கரைத்து வேண்டியதை எடுத்துக்கொண்டபின், கதிரியக்கம் உள்ள மிச்சமும் ஆற்றுக்கே போனது. பக்கத்தில் அஸ்கோ அணுமின் நிலையம் இருப்பதால், சேற்றில் யுரேனியம் என்ற செய்தி வந்ததும் பலர் அதைத்தான் சந்தேகித்தார்கள். உண்மையில் அது மாட்டுத்தீவனத்தின் மிச்சம்.

இதைப் படித்துவிட்டு ஊர்க்காரர்கள் தொழிற்சாலையை வெறுத்திருப்பார்கள் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் அங்கே வேலை பார்த்த காலம் உண்டு. அப்பா, மகன், பேரன் என்று வாசலைத் தாண்டிய குடும்பங்கள் உண்டு. தொழிற்சாலையை ஒட்டி நிறுவனம் கட்டிய குடியிருப்பு இன்றும் இருக்கிறது. கூரையும் தோட்டமும் கட்டலோனியாவைவிட ஜெர்மனியையே நினைவூட்டும். சுற்றியுள்ள ஊர்கள் ஆலிவையும் பாதாமையும் நம்பி மழையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஃப்ளிஷில் மாதச் சம்பளம் வந்தது. 1990களில் மருத்துவ ஆய்வாளர்கள் ஊர்க்காரர்களின் இரத்தத்தை எடுத்துச் சோதித்து, ஹெக்ஸாகுளோரோபென்சீன் அளவு மற்ற இடங்களோடு ஒப்பிடவே முடியாத உயரத்தில் இருப்பதைக் கண்டார்கள். இந்த வட்டாரத்தில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வும் நடந்தது. தொப்புள்கொடி இரத்தத்தில் டிடிடி-யின் எச்சம் கூடுதலாக இருந்த குழந்தைகளின் வளர்ச்சியில் தாமதம் தெரிந்ததாக அது சொன்னது. சம்பளமும் நஞ்சும் ஒரே வாசல் வழியாக வந்தால் ஒரு ஊர் எந்தப் பக்கம் நிற்கும்? ஃப்ளிஷ் பல காலம் இரண்டு பக்கமும் நின்றது.

இப்போது அணைக்கு வருவோம். விஷயத்தின் முடிச்சு அங்கேதான். தொழிற்சாலைக்குச் சற்றுக் கீழே, ஆறு வளைவுக்குள் நுழையும் முன்பு, ஃப்ளிஷ் அணை 1940களின் கடைசியில் கட்டி முடிக்கப்பட்டது. சின்ன அணைதான்; சுமார் 1.1 கோடி கன மீட்டர் கொள்ளளவு. ஆனால் அது ஆற்றின் நடையை மாற்றிவிட்டது. வெள்ளம் வந்தால் பாய்ந்து, வறண்டால் கூழாங்கல்லைக் காட்டிக் கிடந்த எப்ரோ, தொழிற்சாலைக்கு எதிரே ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும் குளமாயிற்று. வேகம் குறைந்தால் தண்ணீர் தூக்கிவந்ததைக் கீழே போடும். இடது கரையில், செபெஸ் பக்கம், ஆழம் குறைந்த ஓரங்களில் வண்டல் படிந்தது. நாணலுக்கு வேண்டியது அதுதான்: வெயில், சேறு, திடீரென்று ஏறி இறங்காத நீர்மட்டம். சில பத்தாண்டுகளில் அங்கே ஒரு நாணல் காடு எழுந்துவிட்டது. உள்நாட்டு எப்ரோவில் இவ்வளவு நல்ல நாணல் காடுகள் அதிகம் இல்லை.

வலது கரையிலும் அதே விதிதான் வேலை செய்தது. தொழிற்சாலைக் குழாய்களிலிருந்து வந்த கழிவு வேகமான ஆற்றில் விழுந்திருந்தால் கடல்வரை சிதறிப் போயிருக்கும். அது நல்லது என்று சொல்லவில்லை. டெல்டாவும் அங்கே விளையும் நெல்லும் அதைச் சுமந்திருக்கும். நின்ற நீரில் விழுந்ததால் அது விழுந்த இடத்திலேயே குவிந்தது. 1966-ல் மேலே மெக்கினென்ஸாவில் சுமார் 150 கோடி கன மீட்டர் கொள்ளும் பேரணை வந்தது. அந்தப் பத்தாண்டின் முடிவில் இடையில் ரிபா-ரோஜா அணையும் சேர்ந்துகொண்டது. (ரிபா-ரோஜா நீர்த்தேக்கத்தில் மூழ்கிய பழைய ஃபயோன் ஊரின் தேவாலய மணிக்கூண்டு இன்றும் தண்ணீருக்கு மேலே தலைநீட்டி நிற்கிறது. படம் எடுக்க வருகிறவர்களில் பாதிப்பேருக்கு அது ஒரு ஊரைக் காலிசெய்த கதை என்று தெரிவதில்லை.) இந்த இரண்டு அணைகளும் பெருவெள்ளங்களை மேலேயே பிடித்து வைத்துக்கொண்டன. அவ்வப்போது சேற்றை அள்ளிப் போயிருக்கக்கூடிய வெள்ளம் ஃப்ளிஷுக்கு அதன்பின் வரவில்லை. கழிவு வளர்ந்து வளர்ந்து, கடைசியில் தண்ணீருக்கு மேலே தெரியும் திட்டாகவே ஆகிவிட்டது. அணை இல்லையென்றால் செபெஸ் இல்லை. அந்தத் திட்டும் இல்லை.

கண்முன்னே கிடந்ததுதான் என்றாலும் ஊர் அதிர்ந்தது 2004-ல். ஸ்பெயினின் தேசிய அறிவியல் ஆய்வு அமைப்பு சேற்றைத் துளையிட்டு அடுக்கடுக்காக எடுத்துச் சோதித்தது. பாதரசம், காட்மியம், குரோமியம் போன்ற உலோகங்கள், டிடிடி, பிசிபி, ஹெக்ஸாகுளோரோபென்சீன், அதோடு யுரேனியத் தொடரின் கதிரியக்கப் பொருட்கள். தொழிற்சாலையின் உற்பத்திப் பதிவேடு ஆற்றின் அடியில் அடுக்காக எழுதி வைத்திருந்ததைப் போலத்தான் முடிவு வந்தது. எந்தப் பொருள் எந்தக் காலத்தில் தயாரானதோ அந்த ஆழத்தில் அது இருந்தது. அளவு பல லட்சம் டன்.

அரசியல் நேரமும் அதற்கேற்றதுதான். எப்ரோ நீரைத் தெற்கே கொண்டுபோகும் தேசிய நீர்த் திட்டத்தை எதிர்த்து 2000 முதல் கீழ் எப்ரோ முழுக்க மக்கள் தெருவில் இறங்கியிருந்தார்கள். முடிச்சுப் போட்ட குழாய் படம் அச்சிட்ட நீலச் சட்டை இங்கே வீட்டுக்கு வீடு கொடியாகப் பறந்த காலம். 2004-ல் ஆட்சி மாறித் திட்டம் கைவிடப்பட்டது. அதே ஆண்டு சேற்றுச் செய்தியும் வந்தது. ஆற்று நீர் யாருக்கு என்ற கேள்வியோடு அந்த நீரில் என்ன இருக்கிறது என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது. கீழே உள்ள ஊர்கள் குடிப்பதும் எப்ரோ தண்ணீர்தான். தர்ரகோனா நகரத்துக்கும் அதைச் சுற்றிய கடற்கரைக்கும் 1989 முதல் குழாய் வழியாகப் போவதும் எப்ரோ தண்ணீர்தான்.

சேற்றை அப்படியே மூடிவிடுவதா, அள்ளுவதா என்ற வாதத்தில் அள்ளுவது என்று முடிவாயிற்று. செலவு சுமார் 16 கோடி யூரோவுக்கு மேல். பெரும்பங்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஒருமைப்பாட்டு நிதியிலிருந்தும் மீதி பெரும்பாலும் ஸ்பெயின் அரசின் கஜானாவிலிருந்தும். அசுத்தம் செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது ஐரோப்பியச் சட்டத்தின் பெருமைமிகு கொள்கை. இங்கே அது மேடைப் பேச்சோடு நின்றுவிட்டது என்பது என் கணிப்பு.

வேலை நடந்த விதம் மட்டும் பார்க்கத் தகுந்தது. முதலில் சேற்றைச் சுற்றி இரும்புத் தகடுகளை ஆற்றின் அடிவரை அடித்து இறக்கிச் சுவர் எழுப்பினார்கள். உள்ளே கலங்கினாலும் வெளியே ஓடும் ஆறு கலங்கக் கூடாது. ஏதாவது தவறினால் மாற்றுக் குடிநீர் வேண்டுமே என்று கீழுள்ள ஊர்களுக்காகக் கிணறுகள் தயார் செய்யப்பட்டன. 2013-ல் அள்ளத் தொடங்கினார்கள். உறிஞ்சிய சேற்றைப் பிழிந்து நீரைப் பிரித்து, அந்த நீரைச் சுத்திகரித்து ஆற்றில் விட்டார்கள். குளோரின் சேர்மங்கள் அதிகமாக இருந்த சேற்றைச் சூடாக்கி அவற்றை ஆவியாக்கி எடுத்தார்கள். மீதம் ஊர் எல்லைக்குள் மலைமடிப்பில் ராக்கோ தெ லா புபீயா என்ற இடத்தில் அமைத்த குப்பைக்கிடங்கில் அடக்கமானது. இடையில் 2016-ல், பணியை நடத்திய அரசு நிறுவனத்தின் ஒப்பந்தங்கள்மீது நாடு தழுவிய ஊழல் விசாரணை வெடித்தது. ஃப்ளிஷும் தலைப்புச் செய்தியில் வந்தது. படுகையிலிருந்த சேற்றின் பெரும்பகுதி வெளியேறிவிட்டது. தொழிற்சாலைக்கு அடியில் உள்ள மண் வேறு பிரச்சினை. நூறு ஆண்டு ரசாயனம் அந்த மண்ணிலும் இறங்கியிருக்கிறது; ஆற்றுச் சேற்றை உறிஞ்சியதுபோல அதை உறிஞ்ச முடியாது.

இத்தனைக்கும் எதிர்க்கரையில் என்ன நடந்தது?

செபெஸில் காப்பகத்தின் தகவல் மையம் இருக்கும் வீட்டின் பெயரே கதை சொல்லும்: 'மாஸ் டெல் டிரெக்டோர்', அதாவது இயக்குநரின் பண்ணைவீடு. தொழிற்சாலையின் இயக்குநருக்காக எழுப்பிய வீடு. தன் புகைபோக்கியை ஆற்றுக்கு அப்பால் நின்று பார்க்க அவர் விரும்பினாரோ, அல்லது அதன் நெடியிலிருந்து தப்ப விரும்பினாரோ! இன்று அதே வீட்டிலிருந்து பறவை பார்க்கப் போகிறார்கள். நிர்வாகம் ஃப்ளிஷ் ஊர்க்காரர்களே உருவாக்கிய ஃப்ரெய்ஷெ இயற்கைக் குழுவின் கையில் இருக்கிறது. தலைநகரிலிருந்து வந்து 'இங்கே தொடாதே' என்று பலகை நட்ட துறை இல்லை இது. தொழிற்சாலை ஊரின் பிள்ளைகளே நாணலைக் காக்க முன்வந்தார்கள். பலகைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் களத்தில் தெரியும்.

அவர்கள் செய்த வேலையில் கண்ணில் முதலில் படுவது செங்கால் நாரை. இப்பகுதியில் அற்றுப்போயிருந்த பறவையைக் கொண்டுவந்து கூண்டில் வளர்த்து, கூடு கட்டக் கம்பங்கள் நட்டு, மறுபடி குடியேற்றினார்கள். இன்று அவை கம்பத்தில் மட்டும் இல்லை, விரும்பிய இடத்திலெல்லாம் கூடு கட்டுகின்றன. இரண்டாவது, குதிரைகள். பிரான்ஸின் கமார்க் சதுப்புநிலத்து வெள்ளைக் குதிரைகள் சில இங்கே மேய்கின்றன. நாணல் காட்டைச் சும்மா விட்டுவிட்டால் காய்ந்த தட்டை அடர்ந்து, நிலம் மேடிட்டு, கடைசியில் புதர்க்காடாகிவிடும். கோடையில் ஒரு தீப்பொறி போதும். குதிரைகள் முழங்கால் தண்ணீரில் நின்று தின்று அங்கங்கே திறந்த நீரை உண்டாக்குகின்றன. அந்தத் திறப்புகளின் ஓரத்தில்தான் நீலத் தாழைக்கோழியைப் பார்க்கக் கிடைக்கும். சேற்றுப் பூனைப்பருந்து நாணல் நுனியைத் தொட்டும் தொடாமலும் பறந்துபோகும். நீர்நாயும் திரும்பி வந்திருக்கிறது. அதன் எச்சம்தான் உங்கள் கண்ணில் படும், அது படாது.

காப்பகத்தின் முக்கியக் குடி செந்நாரை. வசந்தத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து வந்து நாணலுக்குள் கூட்டமாகக் கூடு கட்டும் பறவை. பெற்ற பறவைகள் சுற்றுவட்டாரத்து மீனையும் நண்டையும்தான் குஞ்சுக்கு ஊட்டும். அதனால் குஞ்சின் உடம்பில் இருப்பது அந்த இடத்தின் உணவிலிருந்து வந்தது. வேறு நாட்டில் தின்றது என்று கைகழுவ முடியாது. ஆய்வாளர்கள் இங்கேயும் டெல்டாவிலும் நாரைக் குஞ்சுகளின் இரத்தத்தையும் இறகையும் எடுத்து ஒப்பிட்டபோது, ஃப்ளிஷ் குஞ்சுகளில் பாதரசம் தூக்கலாக இருந்தது. காப்பகம் ஒரு கரை, தொழிற்சாலை ஒரு கரை என்று நாம் வரைபடத்தில் பிரித்து வைத்திருக்கிறோம். மீனுக்கு அந்தக் கோடு தெரியாது. பாதரசம் மீனில் ஏறி, நாரையில் ஏறி, நாணலுக்குள் வந்து சேர்ந்தது. எல்லைக்கல் நட்டால் ஒரு இடம் காக்கப்பட்டுவிடும் என்று நம்புகிறவர்களுக்குச் சொல்ல இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

நின்ற நீரில் வேறு விருந்தாளிகளும் வந்து சேர்ந்தார்கள். 1974-ல் ஜெர்மானிய உயிரியலாளர் ஒருவர் மெக்கினென்ஸா பக்கம் மத்திய ஐரோப்பாவின் வெல்ஸ் கெளுத்திக் குஞ்சுகளை விட்டுவைத்தார். அது இரண்டு மீட்டரைத் தாண்டி, நூறு கிலோவையும் தாண்டி வளரும். இன்று தூண்டில்காரர்கள் ஜெர்மனியிலிருந்தும் இங்கிலாந்திலிருந்தும் அதற்காகவே வருகிறார்கள், பிடித்துக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறார்கள், விடுதிகள் பிழைக்கின்றன. உள்நாட்டு மீன்கள் பிழைக்கவில்லை. 2001-ல் ஜீப்ரா மட்டி தென்பட்டது. விரல் நகம் அளவுதான். ஆனால் குழாய், படகு, மதகு என்று எதன்மேலும் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். அதை எப்ரோவில் முதலில் கவனித்துச் சொன்னவர்களும் ஃப்ளிஷின் ஃப்ரெய்ஷெ குழுவினர்தான். மட்டி நீரை வடிகட்டுகிறது; அணைகள் வண்டலை மேலேயே நிறுத்திவிடுகின்றன. நீர் தெளிந்தது, வெளிச்சம் அடிவரை இறங்கியது, நீர்ப்பாசிச் செடிகள் படுகை முழுக்கப் படர்ந்தன. அந்தச் செடிகளில்தான் கருப்பு ஈ முட்டையிடுகிறது. கொசுபோலக் குத்தாது, தோலைக் கிழித்து நக்கும். வீக்கம் இரண்டு மூன்று நாள் இருக்கும். ஆற்றுநீர் கண்ணாடிபோல இருக்கிறதே என்று மகிழ்கிறவர்கள் கணுக்காலைச் சொறிந்துகொண்டு ஊர் திரும்புவது இதனால்தான்.

செடிகளைப் பிடுங்கி எறிய வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் அணைகளைத் திறந்து நொடிக்கு ஆயிரம் கன மீட்டருக்கு மேல் சில மணி நேரம் தண்ணீர் விடுகிறார்கள். செயற்கை வெள்ளம். இயற்கையாக வந்த வெள்ளத்தை நிறுத்த அணை, நிறுத்தியதால் வந்த கேட்டுக்கு அணையிலிருந்தே வெள்ளம். காப்பகத்தை நிர்வகிப்பது என்பது இந்த அளவுக்குக் குழாயைத் திருகும் வேலை ஆகிவிட்டது. கூடுகள் இருக்கும் பருவம், மின் உற்பத்திக் கணக்கு, டெல்டா விவசாயிகளின் நீர்த்தேவை எல்லாம் அந்தச் சில மணி நேரத்துக்குள் மோதிக்கொள்கின்றன.

ஊரைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்பெயின் உள்நாட்டுப் போரில், 1938 ஜூலை 24 நள்ளிரவு தாண்டி 25 பிறந்ததும், ஃபிராங்கோவை எதிர்த்த குடியரசுப் படை எப்ரோவைக் கடந்து தாக்கிய இடங்களில் ஃப்ளிஷும் ஒன்று. நவம்பர் 16-ல் தோற்றுத் திரும்பிய கடைசி வீரர்கள் ஃப்ளிஷ் பாலத்தைத் தாண்டி அதைத் தகர்த்துவிட்டுப் போனார்கள். எப்ரோப் போர் அதோடு முடிந்தது. ஊர்க் குன்றின்மேல் தெரியும் கோட்டை அதற்கும் முந்தையது, ஸ்பெயின் அரியணைக்கு யார் வாரிசு என்று மூண்ட பத்தொன்பதாம் நூற்றாண்டின் கார்லிஸ்டுப் போர்களோடு சம்பந்தப்பட்டது. ஏறிப் போனால் கோட்டையைவிட அங்கிருந்து தெரியும் ஆற்று வளைவுதான் விசேஷம்.

போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். பார்சிலோனாவிலிருந்து ரெயுஸ் வழியாக ரிபா-ரோஜா வரை போகும் ஆர்-15 பிராந்திய ரயில் ஃப்ளிஷில் நிற்கும். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், வண்டிகள் குறைவு. ரயிலின் கடைசிப் பகுதி ஆற்றை ஒட்டியே போகும். அஸ்கோ அணுமின் நிலையத்தின் குளிர்விப்புக் கோபுரம் அப்போது தெரியும். இப்போதைய திட்டப்படி அதன் இரண்டு உலைகளும் 2030-லும் 2032-லும் மூடப்பட வேண்டும். 2017 டிசம்பரில் ஐரோப்பாவில் பாதரச முறைக் குளோரின் தடைசெய்யப்பட்டபோது ஃப்ளிஷ் தன் குளோரின் ஆலையை இழந்தது. அதன்பின் தொழிற்சாலையில் தீவனப் பாஸ்பேட் போன்ற சின்ன உற்பத்தியே மிஞ்சியது. அடுத்து அணுமின் நிலைய வேலைகளும் போனால் என்ன செய்வது என்பதுதான் இங்கே காபிக்கடைப் பேச்சு. நாரை பார்க்க வருகிறவர்களின் காசு அந்த இடத்தை நிரப்பிவிடும் என்று நம்புகிற யாரும் அங்கே இல்லை, எனக்கும் நம்பிக்கை இல்லை.

ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை சரியான காலம். நாரைகளுக்குக் குஞ்சு இருக்கும், வெயிலும் தாங்கும். ஜூலை, ஆகஸ்டில் நாற்பது டிகிரி சாதாரணம், காட்டுத்தீ ஆபத்தும் உண்டு. 2019 ஜூனில் பக்கத்து டோர்ரே தெ லெஸ்பஞோல் ஊரில் குவித்து வைத்த எரு தானாகப் பற்றிக்கொண்டு இந்த வட்டாரத்தில் சுமார் ஐயாயிரம் ஹெக்டேர் எரிந்தது. தீ அபாய நாட்களில் காட்டுப் பாதைகளை அடைத்துவிடுவார்கள். காலையிலும் மாலையிலும் ஆற்றோரம் நடந்தால் முழுக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள், கருப்பு ஈக்கு அதுதான் மருந்து. எப்ரோ நெடுக வரும் ஜிஆர் 99 நடைபாதை ஊர் வழியாகப் போகிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆற்றைக் கடக்கும் படகுத்துறை ஃப்ளிஷிலும் உண்டு. ஓடாத நாட்களும் இருப்பதால் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

சாப்பாட்டில் ஒன்றைத் தவறவிட வேண்டாம்: கிளோச்சா. உருண்டை நாட்டு ரொட்டியை அறுத்து, உள்ளிருக்கும் மென்மையைத் தோண்டி எடுத்து, தணலில் சுட்ட தக்காளி, முழுப் பூண்டு, உப்பில் போட்ட மத்தி, மேலே தாராளமாக ஆலிவ் எண்ணெய் விட்டு, தோண்டிய ரொட்டியாலேயே மூடுவார்கள். வயலுக்குப் போகிறவர்கள் கட்டிக்கொண்டு போனது. மத்தி கடலிலிருந்து வருவது என்பதால் தைரியமாகச் சாப்பிடலாம். ஆற்றுக் கெளுத்தியை யாராவது பொரித்து நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். நீண்ட காலம் வாழும் பெரிய வேட்டை மீன், பாதரசம் அதில்தான் அதிகம் சேரும்.

ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்றால் காலையில் முதலில் தொழிற்சாலைக் குடியிருப்பு வழியாக நடந்து அணையைப் பாருங்கள், பிறகு செபெஸுக்குப் போங்கள். தலைகீழாகப் போனால் நாரைகளைப் பார்த்த மயக்கத்தில் தொழிற்சாலைப் பக்கம் போக மனம் வராது. திரும்பும் ரயில் நேரத்தை இறங்கும்போதே படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மாலை வண்டியை விட்டால் அடுத்தது பெரும்பாலும் மறுநாள் காலைதான்.